உள்ளே எடுத்து வைத்த பெட்டிகள்

"தம்பி, ஹார்டு டிஸ்க் பெட்டிகளையெல்லாம் உள்ளே எடுத்து வை. யாராவது விலை கேட்டால் நாளைக்கு வரச் சொல்."

2011 அக்டோபரில் முதலாளி இதைச் சொன்னபோது சென்னையின் கம்ப்யூட்டர் கடைத் தெருவான ரிச்சி தெருவில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை. விநியோகஸ்தரிடமிருந்து அவருக்குத் தொலைபேசி வந்திருந்தது. தாய்லாந்தில் வெள்ளம்; வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது; அடுத்த சரக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தாய்லாந்து என்றால் அதுவரை எனக்குச் சுற்றுலா விளம்பரம்தான். உலகத்து ஹார்டு டிஸ்குகளில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது, டிஸ்கைச் சுழற்றும் குட்டி மோட்டார்களைச் செய்யும் ஆலைகளும் அங்கேயே குவிந்திருக்கின்றன என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. பெட்டிகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று.

மறுநாள் அரக்கோணத்திலிருந்து ஒருவர் வந்தார். பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நான்கு நாள் முன்பு வந்து எட்டு கம்ப்யூட்டருக்கு விலை கேட்டு, என் கையெழுத்தில் கொட்டேஷன் வாங்கிப் போயிருந்தார். 500 ஜிபி டிஸ்க் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக அதில் எழுதியிருந்தேன். இப்போது நான்காயிரத்துக்கு மேல் சொல்ல வேண்டும். வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். செய்தித்தாளையும் எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "தாய்லாந்தில் வெள்ளம் வந்ததும் உங்கள் அலமாரியில் இருந்த டிஸ்கும் நனைந்துவிட்டதா?" என்று கேட்டார்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து கணக்குச் சொன்னார். "இதைப் பழைய விலைக்கு உங்களுக்குக் கொடுத்தால், வந்த காசில் நான் பாதி சரக்குகூட வாங்க முடியாது. அடுத்த வாரம் கடையில் என்னத்தை வைத்து வியாபாரம் செய்வேன்?" அந்தக் கணக்கில் தப்பில்லை. அரக்கோணத்துக்காரர் கேட்டதிலும் தப்பில்லை. எட்டுக்குப் பதில் ஐந்து கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்துக்குச் சந்து பெயர் மாறும். வாங்க வருகிறவர்களுக்கு எல்லாமே ரிச்சி தெருதான். அங்கே ஒரு கடையில் பதினான்கு வருடம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். வெளியுறவு பற்றி நான் ஒரு புத்தகமும் படித்ததில்லை. ஆனாலும் எந்த நாட்டில் எது நடந்தாலும் இரண்டு நாளில் அது எங்கள் விலைப்பட்டியலுக்கு வந்துவிடும். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தொட்ட வாரத்தில் ஒரே நாளில் மூன்று பட்டியல் வந்தது. கொட்டேஷனின் அடியில் 'இன்று மாலை வரை மட்டும்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தும் வழக்கத்தை நாங்கள் ஆரம்பித்தது அப்போதுதான். அரக்கோணத்துக்காரர் போன்ற இன்னொருவரிடம் என் கையெழுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா.

மாலையில் கடை வேறு முகம் காட்டும். வேலை முடிந்து வரும் பையன்கள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு எதையும் வாங்காமல் பேசிக்கொண்டிருப்பார்கள். எந்த கிராஃபிக்ஸ் கார்டில் எந்த விளையாட்டு நொடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடும் என்பதில் தொடங்கும் பேச்சு, டீ வருவதற்குள் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் போய்விடும். அவர்களுக்கு உலக அரசியல் என்பது ஒரு கிராஃபிக்ஸ் கார்டு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான விளக்கம். முதலாளிக்கு இந்தக் கூட்டம் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்றே செய்யும் வேலையில் வேறு என்ன பொழுதுபோக்கு?

2020 சூடான வருடம். ஜூன் 15 அன்று கல்வான் எல்லையில் சீனப் படையுடன் மோதல், ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை, செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பப்ஜி கொரியர்களுடையதா, சீனர்களுடையதா என்று கவுண்டரில் பெரிய வழக்கு. விளையாட்டை உருவாக்கியது கொரிய நிறுவனம், அதைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது சீனாவின் டென்சென்ட் என்பதால் இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி. எங்களுக்குக் கிடைத்ததோ முழு வெற்றி. தடை கைபேசிப் பதிப்புக்கு மட்டும்தான், கம்ப்யூட்டர் பதிப்புக்கு இல்லை. கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "ஆன்லைன் வகுப்புக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும்" என்பார் அப்பா. பையன் அவருக்குப் பின்னால் நின்று கார்டின் பெயரை வாயசைப்பான். அந்த வாயசைப்பைப் படிக்கத் தெரியாதவன் எங்கள் தெருவில் விற்பனையாளராக இருக்க முடியாது.

அந்த மாதத்தில்தான் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர் வந்தார். பேத்திக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். உள்ளே ஒரு சீனப் பொருளும் இருக்கக் கூடாது. சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பொதுவாக இப்படிக் கேட்பவர்களிடம் "பார்த்துக் கொடுக்கிறேன் சார்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். அவரிடம் அது முடியவில்லை. அவர் முகத்தில் துக்கம் இருந்தது. அதனால் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, எங்கே செய்தது என்று அச்சிட்டிருப்பதைச் சேர்ந்தே படித்தோம். மதர்போர்டு தைவான் நிறுவனத்தினுடையது. செய்த இடம் சீனா. ரேம் கொரியப் பெயர். செய்த இடம் சீனா. ஹார்டு டிஸ்க் தாய்லாந்து. "பரவாயில்லை, ஒன்று தேறியது" என்றார். கேபினெட், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், கீபோர்டு, மவுஸ் நான்கையும் அவர் படிக்கவே இல்லை.

கடைசியாக பிராசசர். அது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன். உறையைப் பிரித்து, அதன் உலோக மூடியை விளக்குக்கு நேரே பிடித்தேன். பொடி எழுத்தில் அமெரிக்கா, தைவான், சீனா என்று மூன்று நாட்டின் பெயரும் பொறித்திருக்கும். மூடிக்கு அடியில் இருப்பது ஒரே சிப் அல்ல. கணக்குப் போடும் சிப் தைவானில் செய்தது. வெளியுலகத்தோடு பேசும் சிப் அமெரிக்காவில் செய்தது. இரண்டையும் ஒரே பலகையில் பொருத்தி மூடியது சீனாவில். தினம் நான்கைந்து மூடிகளில் பசை தடவுகிறவன் நான். அதுவரை அந்த எழுத்துகளை நின்று படித்ததில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இவர்களுக்குள் சண்டை வந்தால் இதை யார் செய்வார்கள்?" என்று கேட்டார். கவுண்டரில் நின்ற பையன்கள் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பணம் கட்டினார்.

2021இல் ஒரு கார்டுக்காக மனிதர்கள் கெஞ்சினார்கள். என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வெளிவந்தபோது அறிவித்த விலை 329 டாலர். எங்கள் தெருவில் அறுபதாயிரம் ரூபாய்க்குக் கீழே கண்ணில் படவில்லை. ஒரே மூச்சில் ஆறு கார்டு கேட்பவர், எந்த விளையாட்டு ஓடும் என்று கேட்காதவர், கார்டுகளை இரவு பகலாகக் கணக்குப் போட வைத்து ஈத்தர் என்ற கிரிப்டோ காசு தோண்டுகிறவர் என்று தெரிந்துகொள்ளலாம். அவர்களைத் தடுக்க என்விடியா அந்த கார்டுக்குள் ஒரு பூட்டு வைத்தது. அடுத்த மாதமே அதன் சொந்த மென்பொருள் ஒன்று கைதவறி அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. மாலைக் கூட்டம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கார்டு கிடைக்காத வயிற்றெரிச்சலும் அந்தச் சிரிப்பில் கலந்திருந்தது.

என் சறுக்கல் 2022இல். பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. சிப் செய்யும் லேசர்களுக்கு நியான் வாயு வேண்டும், சுத்தமான நியானில் ஏறக்குறையப் பாதி உக்ரைனிலிருந்து, மரியுபோல், ஒடேசா நகரங்களிலிருந்து வருகிறது என்று படித்தேன். படித்தது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம்தான் வேறு. கவுண்டரில் நின்று நியான் பிரசங்கம் செய்தேன். எஃகு ஆலையில் காற்றைப் பிரிக்கும்போது அந்த வாயு எப்படிக் கிடைக்கிறது என்பது வரை விளக்கினேன். எங்களிடம் ஒரு பல் மருத்துவர் வருவார். பகலில் பல் பிடுங்கி, இரவில் ஸ்டீயரிங் பொருத்திக் கார் பந்தயம் விளையாடுகிறவர். கார்டு வாங்குவதா, காத்திருப்பதா என்று ஆறு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார். "டாக்டர், இப்போதே வாங்கிவிடுங்கள். மரியுபோல் விழுந்தால் விலை எங்கே போகும் என்று சொல்ல முடியாது" என்றேன். வாங்கிவிட்டார்.

மரியுபோல் விழுந்தது. விலை ஏறவில்லை. 2014இல் கிரிமியா விவகாரத்தில் நியான் விலை எகிறியபோது சூடுபட்ட சிப் நிறுவனங்கள் ஏற்கெனவே கையிருப்பு வைத்திருந்தன. வேறு இடங்களையும் தேடிக்கொண்டன. போதாததற்கு, செப்டம்பர் 15 அன்று ஈத்தர் காசின் வலையமைப்பான ஈத்தரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டு வைத்து அதைத் தோண்டும் வேலையே இல்லாமல் போனது. டாக்டர் வாங்கிய அதே கார்டு பதினைந்தாயிரத்துக்கும் மேல் குறைந்து அலமாரியில் தூங்கியது. பெடல் பழுது என்று அவர் வந்தபோது நான் ரேக்குக்குப் பின்னால் நழுவப் பார்த்தேன். "என்ன தம்பி, நியான் சௌக்கியமா?" என்று சத்தமாகவே கேட்டார். பிறகு எப்போது வந்தாலும் முதல் கேள்வி அதுதான்.

அவரிடம் நான் சொன்னது பொய் இல்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த கார்டு போருக்கு முன்பே செய்து, கப்பலேறி, எங்கள் கிடங்கில் இருந்தது. செய்தியைச் சாட்டையாக வீசுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் கைவந்த கலை. ஏறும்போது நாளைய சரக்கின் விலையைச் சொல்வோம்; இறங்கும்போது நேற்றைய சரக்கின் விலையைச் சொல்வோம். 2023 ஆகஸ்ட் 3 அன்று மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று அரசு அறிவித்ததும் தெருவில் கூட்டம் அலைமோதியது. நாங்கள் அசெம்பிள் செய்யும் உதிரிகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. மறுநாளே அரசு அதைத் தள்ளிவைத்தது. ஒரு நாளில் நடந்த வியாபாரம் நடந்ததுதான்.

அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டு, தாம்பரம் பக்கம் சிறியதாக ஒரு சர்வீஸ் கடை போட்டேன். 2025இன் கடைசி மாதங்களில் ரேம் விலை கிளம்பியது. உலகத்துக்கு ரேம் செய்பவர்கள் முக்கியமாக மூன்று பேர். மூவரும் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குக் கொடுப்பதில் மும்முரமாகிவிட்டார்கள். என்னிடம் பழைய விலைக்கு வாங்கிய எட்டு ரேம் இருந்தது. விநியோகஸ்தர் பட்டியலில் அது இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. எட்டையும் எடுத்து உள்ளே இருந்த இழுப்பறையில் வைத்தேன்.

மாலையில் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். போன மாதம் விலை கேட்டுப் போனவன். என் கையெழுத்துச் சீட்டைப் பர்ஸில் மடித்து வைத்திருந்தான். ஸ்டாம்ப் குத்த நான் மறந்திருந்தேன்.

"ஏன் அண்ணா ஏறிவிட்டது? எங்கேயாவது போரா?"

"போர் இல்லை" என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய் இரண்டு ரேமை எடுத்து வந்து, சீட்டில் இருந்த விலைக்கே பில் போட்டேன். அவன் போன பிறகு, மீதி ஆறுக்கும் புது விலை எழுதி ஒட்டினேன்.