ஒன்றரை வருடம் அலைந்த கடிதம்: கேம்பிரிட்ஜ் பயணம்

லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். தண்டவாள வேலை என்று பாதி வழியில் ரயிலிலிருந்து இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். ஒரு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரம் இழுத்தது. டிக்கெட்டில் ஒரு பைசா குறைக்கவில்லை. இன்னும் வயிறு எரிகிறது.

ஸ்டேஷனில் டாக்ஸிக்குச் செலவு செய்யாதீர்கள். தாவரவியல் பூங்கா நடக்கிற தூரம்தான். நுழைவுக் கட்டணத்தை ரூபாயில் கணக்குப் போட்டால் பகீர் என்கிறது. ஆனாலும் கொடுக்கலாம். பூங்காவை இந்த இடத்தில் உருவாக்கியவர் டார்வினின் ஆசிரியர் ஹென்ஸ்லோ. உலகைச் சுற்றி ஆய்வுக்குப் புறப்பட்ட பீகிள் கப்பலில் போகும் வாய்ப்பைப் பற்றி 1831 ஆகஸ்ட் 24 அன்று டார்வினுக்கு எழுதியவரும் அவரே.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அந்த இருவரின் கடிதங்களை போனில் படித்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை! டார்வின் தென் அமெரிக்காவிலிருந்து தான் சேகரித்த செடி, விலங்கு மாதிரிகளைப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார். பிரித்துப் பார்த்த ஹென்ஸ்லோ 1833 ஜனவரியில் பதில் எழுதுகிறார்: 223-ஆம் எண் என்னப்பா, வெறும் கரிக்குவியலாக இருக்கிறதே? சுண்டெலிகள் பூஞ்சை பிடித்திருக்கின்றன. செடியைத் துண்டு துண்டாக அனுப்பாதே. வேர், இலை, பூவோடு முழுசாக அனுப்பு. இந்தக் கடிதம் டார்வின் கைக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 1834 ஜூலையில், சிலி நாட்டு வால்பரைசோவில். எப்படிக் கட்டி அனுப்புவது என்பதுதான் தனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியிருந்தது என்று வருந்தி எழுதியிருக்கிறார். அதுவரை ஆசிரியரின் இந்த யோசனை இல்லாமலே மனுஷன் பெட்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். நினைத்தாலே பதறுகிறது.

என்னைக் கேட்டால், ஹென்ஸ்லோவுக்கு நாம் உரிய மரியாதை கொடுக்கவே இல்லை. மாணவனின் கடிதப் பகுதிகளை 1835-இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகம் என்ற அறிவியல் சங்கத்தில் வாசிக்க வைத்து, அச்சிட்டும் கொடுத்தார். டார்வின் ஊர் திரும்பும் முன்பே இங்கே பெயர் பரவியதற்கு அதுதான் காரணம்.

மதியம் மார்க்கெட் சதுக்கத்தில் ஃபலாஃபெல் ரோல். சூடு, காரம், நிறைய எலுமிச்சை. இங்கிலாந்தில் நான் கொடுத்த காசுக்கு நியாயமான ஒரே சாப்பாடு!

அப்புறம் விலங்கியல் அருங்காட்சியகம். இலவசம். தாவரவியல் பூங்கா இப்போதைய இடத்துக்கு வரும் முன் இருந்த வளாகத்தில்தான் இருக்கிறது. பீகிள் பயணத்தில் டார்வின் எடுத்த பறவை முட்டை ஒன்று 2009-இல் இவர்களின் சேகரிப்பில் கண்டெடுக்கப்பட்டது. சின்னப் பெட்டியில் திணித்ததால் அவர் கையாலேயே விரிசல் விட்ட முட்டை அது. திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், பார்த்துப் போங்கள்.