மீட்டரில் எல்லா லைட்டும் எரிந்தது, பேட்டரி லைட்டைத் தவிர

என்னுடையது பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக், ஓடுவது தூத்துக்குடியில். ஊரைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, அது பின்னால் வரும். இரவு நேரம், மழை, ஹெட்லைட், வைப்பர், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வளைத்தால் ஸ்டியரிங் திடீரென்று இறுகிவிடும், ஈபிஎஸ் (எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்) லைட் எரியும், பின்னாலேயே ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது), அப்புறம் ஏர்பேக், சில நாள் செக் எஞ்சினும் சேர்ந்துகொண்டு டாஷ்போர்டே கொடைவிழா சீரியல் செட் மாதிரி ஆகிவிடும். மறுநாள் காலையில் சாவியைப் போட்டால் அந்த லைட் ஒன்றும் இருக்காது. பகலில் சர்வீஸுக்குக் கொண்டுபோனால் "நல்லாத்தானே சார் ஓடுது" என்பார்கள்.

முதலில் போன சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் கோடுகளை (code) அழித்து அனுப்பினார்கள். அடுத்த மழைக்கு எல்லாம் திரும்ப வந்தது. இரண்டாம் தடவை போனபோது முன்சக்கர ஏபிஎஸ் சென்சாரை மாற்ற வேண்டும் என்றார்கள், ஈபிஎஸ் யூனிட்டும் போயிருக்கலாம் என்று ஐந்து இலக்கத்தில் ஒரு எஸ்டிமேட்டையும் கையில் கொடுத்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சிஸ்டம் ஒரே நேரத்தில் கெட்டு, மறுநாள் காலையில் மூன்றும் ஒன்றாகத் தானே குணமாகுமா? அந்த ஒரு கேள்விக்குப் பதில் வராததால் எஸ்டிமேட்டை மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதற்கிடையில் செல்ஃப் அடிப்பதும் மந்தமாகிக்கொண்டே வந்தது. நான்கு வருடம் ஓடிய பேட்டரி என்பதால் கடைக்காரர் லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்து மாற்றச் சொன்னார், மாற்றினேன். அதன் பிறகு சில வாரம் ஒரு லைட்டும் இல்லை. சார்ஜிங் கோளாறில் மனிதனை ஏமாற்றுவது இந்த இடம்தான். புது பேட்டரி முழு சார்ஜோடு வருகிறது, ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரித்து பேட்டரியைச் சார்ஜ் செய்வது) கொடுக்காத கரண்ட்டைத் தன் கையிருப்பிலிருந்து கொடுத்துக் குறையை மூடி மறைக்கிறது, கையிருப்பு கரைந்ததும் பழைய கதை மறுபடி ஆரம்பம். பேட்டரி மாற்றியும் லைட்டுகள் திரும்பி வந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுவதை அதோடு விட்டுவிடலாம்.

ஈஎல்எம்327 என்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் ரீடர் ஒன்று வாங்கி, வண்டியில் ஸ்கேனர் மாட்டும் இடமான ஓபிடி போர்ட்டில் மாட்டினேன். இது பெரும்பாலும் எஞ்சின் கோடை மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் போகாது. ஆனாலும் பி0562 என்ற கோடு கிடைத்தது. சிஸ்டம் வோல்டேஜ் குறைவு என்று அதற்குப் பொருள். அதன்பின் நண்பர் ஒருவருடைய நல்ல ஸ்கேனரில் பார்த்தபோது ஏபிஎஸ்ஸிலும் ஈபிஎஸ்ஸிலும் சப்ளை வோல்டேஜ் குறைவு என்றேதான் பதிவாகியிருந்தது, கூடவே யூ எழுத்தில் தொடங்கும் தொடர்பு அறுந்த கோடுகள். சக்கர சென்சார் கோடு ஒன்றுகூட இல்லை! எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், நின்ற நிலையில் திருப்பும்போது சில நொடி பல பத்து ஆம்பியர் இழுக்கும், அந்த இழுப்பில் வோல்டேஜ் சரிந்தால் முதலில் அதுதான் கையை விரிக்கும், மற்ற மாட்யூல்கள் பின்னாலேயே புகார் எழுதும். லைட் எரிந்த வரிசைக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

இனி மல்டிமீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆனபின் பேட்டரியில் 12.2 வோல்ட் காட்டியது, நல்ல சார்ஜில் 12.6 இருக்க வேண்டும், அதுவும் புது பேட்டரி. எஞ்சினை ஓட்டி, ஒரு லோடும் போடாமல் அளந்தால் 14.0. கடைகளில் இங்கேயே நிறுத்திக்கொண்டு "சார்ஜிங் ஓகே" என்று சொல்லிவிடுகிறார்கள். ஹெட்லைட், ஏசி, ப்ளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன், மெல்ல மெல்ல இறங்கி 12.7க்கு வந்தது. தம்பியை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னால் 11.3 வரை விழுந்து ஏறியது. மழை இரவு என் வீட்டு வாசலிலேயே வந்துவிட்டது.

யாரும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்துச் செல்ஃப் டைனமோ கடை அண்ணாச்சியும் (ஆல்டர்னேட்டர் வந்து இத்தனை வருடம் ஆகியும் போர்டில் டைனமோதான்) கழற்றி பிரஷ், ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) பார்த்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார். பெல்ட்டை மட்டும் பார்த்தார், சறுக்கல் இல்லை. கழற்றுவதற்கு முன் ஆல்டர்னேட்டரிலேயே நேராக அளக்கலாமா என்று கேட்டேன், "அதையும் பாரு தம்பி" என்றார். எல்லா லோடும் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வரும் பி பிளஸ் போல்ட்டுக்கும் அதன் பாடிக்கும் நடுவில் வைத்தால் 14.2! அதே நேரத்தில் பேட்டரியில் 12.7. உற்பத்தி ஆகும் இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, போகிற வழியில் ஒன்றரை வோல்ட் காணாமல் போகிறது.

வழி இரண்டு. பிளஸ் பக்கம் பி பிளஸ்ஸிலிருந்து பேட்டரி பிளஸ் வரை அளந்தால் 0.2, பழைய வண்டிக்கு அது பரவாயில்லை. மைனஸ் பக்கம் ஆல்டர்னேட்டர் பாடியிலிருந்து பேட்டரி மைனஸ் முனை வரை 1.3. இங்கே 0.1, மிஞ்சினால் 0.2 வரைதான் இருக்கலாம். இதை லோடு ஓடும்போதுதான் அளக்க வேண்டும், வண்டி நிற்கும்போது ஓம் மீட்டரில் வைத்தால் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயர்கூட நல்ல வயராகத்தான் தெரியும். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்து எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் மாட்டினார், ஹெட்லைட் சட்டென்று பளிச்சென்றானது, பேட்டரியில் 13.9.

அதற்கு மேல் தேட ஒன்றுமில்லை. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் வயர் (மைனஸ் பக்கத்து வழி), பேட்டரி ட்ரேக்குக் கீழே, கண்ணுக்குப் படாத இடம். முந்தைய வருடம் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியபோது ஒரு கராஜில் அதைக் கழற்றி, துருவைச் சுரண்டாமல் அப்படியே மாட்டி, போல்ட்டையும் அரைகுறையாக முடுக்கியிருந்தார்கள். மீதி வேலையை எங்கள் ஊர் உப்புக்காற்று பார்த்துக்கொண்டது, பின்னலின் பாதி இழைகள் பச்சையாகப் பொடிந்து கையோடு வந்தன. செல்ஃப் மந்தமானதும் இதனால்தான், ஸ்டார்ட்டருக்கான கரண்ட்டும் அதே வழியில்தான் திரும்ப வர வேண்டும். இரண்டு முனையையும் எமரி பேப்பரால் வெளுக்கத் தேய்த்து, புது எர்த் வயர் போட்டு, மேலே வாசலின் தடவினார். செலவு சில நூறு ரூபாய்.

பேட்டரி லைட் ஏன் எரியவே இல்லை என்பது எனக்கு ரொம்ப நேரம் உறுத்திக்கொண்டிருந்தது. என் வண்டியில் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது, தன் வீட்டு வோல்டேஜை மட்டும்தான் பார்க்கிறது. அங்கே 14.2 இருப்பதால் அதற்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அந்த லைட் எரியாததை வைத்து சார்ஜிங்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

இதே மாதிரி அளக்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்த்து டைனமோவைச் சோதிக்கும் பழைய பழக்கம் இன்னும் கடைகளில் இருக்கிறது, தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கழற்றிய நொடியில் வோல்டேஜ் எகிறினால் ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) வரை கெட்டுப்போகும். இன்னொன்று, புது வண்டிகளில் கம்ப்யூட்டரே மைலேஜுக்காகச் சார்ஜ் வோல்டேஜைக் குறைத்து வைக்கும், அதில் ஓடும்போது 12.8 பார்த்தவுடன் பயப்பட வேண்டாம், ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் போட்டுவிட்டு ஏறுகிறதா என்று பாருங்கள். மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் ஒரு தடவை அளப்பதும் நல்லது, அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஆல்டர்னேட்டரின் டயோடைப் பார்க்க வேண்டும். எனக்கு 0.05க்குள்தான் இருந்தது.

வயர் மாற்றியதும் ஈபிஎஸ் லைட் உடனே போனது, ஏபிஎஸ் கொஞ்ச தூரம் ஓட்டியதும் அணைந்தது. இந்தத் தடவை ஏர்பேக் மட்டும் தானாகப் போகவில்லை, அதை நண்பரின் ஸ்கேனரில் அழிக்க வேண்டியிருந்தது. பாதி சார்ஜில் கிடந்து வீணாகிக்கொண்டிருந்த புது பேட்டரியை அண்ணாச்சி கடையில் இரவு முழுக்க வெளிச் சார்ஜரில் போட்டு எடுத்தேன். அதற்குப் பிறகு அடித்த ஐப்பசி மழையில் திருநெல்வேலி வரை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போய் வந்தேன், லைட் எதுவும் வரவில்லை. எர்த் வயரில் இப்போதைய இழப்பு 0.04 வோல்ட்.