ஒரு நாளைக்கு 500 கி.மீ.: எந்த பைக் எடுக்கலாம்?

ஷோரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் எல்லா பைக்கும் நன்றாகத்தான் இருக்கும். 300 முதல் 650 சிசி வரையிலான வண்டிகளில் மோசம் என்று ஒதுக்க வேண்டியவை இன்று குறைவு. வித்தியாசம் தெரிவது ஐந்தாவது மணி நேரத்தில்: விரல் மரத்துப்போகும், உட்காரும் இடம் எரியும், பெட்ரோல் விளக்கு கண்சிமிட்டும், பின்னால் இருப்பவர் மூன்றாவது முறையாகத் தோளைத் தட்டுவார். அதனால் நெடுஞ்சாலைக்கு வண்டி தேடுகிறவர் விவரப் பட்டியலைக் காலை முதல் இருட்டும்வரை ஓடும் 500 கி.மீ. நாளின் கண்ணால் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் குதிரைத்திறன் முதல் வரியில் வராது.

காலையில் சாலை காலியாக இருக்கும்போது பார்க்க வேண்டியது, டாப் கியரில் 100 கி.மீ. வேகத்தில் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது) எவ்வளவு என்பதை. தாண்டக் கூடாத சிவப்புக் கோடு 9,000இல் தொடங்கும் இன்ஜின் 4,800 சுற்றினால் நிம்மதி, பாதிக்குச் சற்று மேல்தான். அதே வேகத்துக்கு 6,500 சுற்றினாலும் வண்டி ஓடும். ஆனால் அதிர்வு, சூடு, பெட்ரோல் செலவு மூன்றும் நாள் முழுக்கக் கூடவே வரும். காற்றை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. 100இலிருந்து 120க்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. காற்றுக்குக் கொடுக்க வேண்டியதோ சுமார் 73 சதவீதம் கூடும். 24 குதிரைத்திறன் கொண்ட, ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 மலைப்பாதையில் சமர்த்து, அகலச் சாலையில் 100ஐத் தாண்டினால் கையில் மிச்சம் இருக்காது. அதன் பின் வந்த ஹிமாலயன் 450, ட்ரையம்ஃப் 400 வகைகளில் கிடைக்கும் சுமார் 40 குதிரைத்திறன், தனியாளாகப் போகிறவருக்குத் தாராளம். ஆளும் பெட்டியும் ஏற்றித்தான் போவேன் என்றால் 500 சிசி இரட்டை சிலிண்டரிலிருந்து தேட ஆரம்பிப்பது நல்லது.

மிச்சத் திறன் எதற்கு? டாப் ஸ்பீடுக்கு இல்லை, லாரியைத் தாண்டுவதற்கு. 80இல் போகும் 18 மீட்டர் லாரி. முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றால் அதைவிட 58 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 100இல் தாண்டினால் சுமார் 10.5 விநாடி, அதற்குள் 290 மீட்டர் சாலை தீர்ந்துவிடும். 115இல் தாண்டினால் 6 விநாடி, 190 மீட்டர். இருவழிச் சாலையில் இந்த 100 மீட்டர் பெரிய விஷயம். அதனால் ஓட்டிப் பார்க்கும்போது 0–100 நேரத்தை விட்டுவிட்டு, ஒரு கியர் மட்டும் இறக்கி 80இலிருந்து 115க்கு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு பார்ப்பது இன்னும் மேல்.

ஆர்பிஎம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் வண்டிக்கு முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) ஒரு பல் கூட்டுவது பழைய வைத்தியம். 14 பல்லுக்குப் பதில் 15 போட்டால் அதே வேகத்தில் 5,500 இருந்த இடத்தில் 5,130 அளவுக்கு இறங்கும். பக்கவிளைவு உண்டு: பாரத்தோடு ஏற்றத்தில் அடிக்கடி கியர் இறக்க வேண்டிவரும், செயினுக்கு நீளம் போதாமல் பின் அச்சு முன்னால் வரும், மூடியின் உட்புறத்தில் செயின் உரசாமல் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் சென்சார் கியர்பாக்ஸில் இருக்கும் வண்டி என்றால் காட்டும் வேகம் உண்மையைவிடக் குறைவாகிவிடும். சக்கரத்தில் சென்சார் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. திறனே இல்லாத இன்ஜினுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. டாப் கியர் அலங்காரத்துக்கு மட்டும் இருக்கும்.

சிலிண்டர் ஒன்றா இரண்டா என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது. ஒற்றை சிலிண்டர் எடை குறைவு, பெட்ரோல் குறைவு, வால்வு பார்ப்பது எளிது. அதிர்வைத் தணிக்கும் பேலன்ஸர் ஷாஃப்ட் இருந்தாலும் ஏதோ ஒரு ஆர்பிஎம் பட்டையில் கூசும். நாம் ஓட்டும் வேகம் அந்தப் பட்டையில் விழுகிறதா என்பதே கேள்வி. இரட்டையிலும் கிராங்க் கோணம், அதாவது ஒரு பிஸ்டனுக்கு மற்றது எவ்வளவு முன்பின்னாக ஓடுகிறது என்பது, முக்கியம். ஹோண்டா சிபி500எக்ஸ், கவாசாகி வெர்சிஸ் 650 இரண்டும் 180 டிகிரி. ராயல் என்ஃபீல்டின் 650 இன்ஜின் 270 டிகிரி. இதில் இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் நின்று திரும்பாததால் அதிர்வின் ஒரு பகுதி தானே அடங்கிவிடுகிறது. சுசுகி வி-ஸ்ட்ராம் 650இன் 90 டிகிரி வி-ட்வினிலும் (V வடிவில் விரிந்த இரட்டை சிலிண்டர்) அதே நன்மை உண்டு. இதையெல்லாம் படித்து முடித்த பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான்: நிலையான 100இல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, கண்ணாடியில் பின்னால் வரும் காரின் நம்பர் பலகை தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் மூன்று மணி நேரத்தில் விரல் மரக்கும். ஹேண்டில்பார் முனையில் கனமான எடை மாட்டினால் ஓரளவு அடங்கும், முழுக்கப் போகாது.

விண்ட்ஸ்கிரீன் உயரமாக இருந்தால் நல்லது என்பது பாதி உண்மை. கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து கிளம்பும் கலங்கிய காற்று ஹெல்மெட்டின் கீழ்ப்பகுதியில் மோதினால் தலை ஆடும், இரைச்சல் கூடும். எங்கே மோதுகிறது என்று கண்டுபிடிக்க, காலிச் சாலையில் ஓட்டியபடியே சீட்டிலிருந்து நான்கைந்து அங்குலம் எழுந்து பாருங்கள். எழுந்ததும் அமைதியானால் கண்ணாடி உங்களுக்கு உயரம் அதிகம். குட்டையாக்கினால் தலை முழுக்கச் சுத்தமான காற்றில் வந்துவிடும். எப்படியானாலும் காதடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும். ஹெல்மெட்டுக்குள் கேட்பது பெரும்பாலும் காற்றின் சத்தம்; மாலைக்களைப்பில் அதற்குப் பெரும் பங்கு.

முன்பகலில் பெட்ரோல் கணக்கு வரும். பிஎம்டபிள்யூ ஜி310ஜிஎஸ் டேங்க் 11 லிட்டர், இன்டர்செப்டர் 650 13.7, ஹிமாலயன் 450 17, வி-ஸ்ட்ராம் 650 20, வெர்சிஸ் 650 21. டேங்க் அளவை மைலேஜால் பெருக்கி மகிழ்ந்துவிடக் கூடாது. 2.5 லிட்டரைக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள். எதிர்காற்றுக்காக மைலேஜில் ஐந்தில் ஒரு பங்கையும் குறையுங்கள். 13.7 லிட்டர், லிட்டருக்கு 25 கி.மீ. என்றால் காகிதத்தில் 342 கி.மீ.; இந்தக் கணக்கில் 224. நம்பிப் போக 250 கி.மீ. வந்தால் போதும். அதற்கு மேல் பெரிய டேங்க், காலையில் நிரப்பியதும் வண்டியின் தலையில் ஏறி உட்காரும் பாரம்தான்.

சீட் விஷயத்தில் ஏமாறுவது எளிது. மெத்தென்று அமுங்கும் சீட் முதல் அரைமணிக்குச் சொர்க்கம். பிறகு நுரை அடிவரை அமுங்கி, எலும்பு பலகையில் உட்கார்ந்த கதையாகிவிடும். கொஞ்சம் விறைப்பான, பின்புறம் அகன்ற, முன்னால் சரியாத சீட் நெடுந்தூரத்துக்கு நல்லது. முன்னால் சரிந்த சீட்டில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கில் போய் இடிப்பீர்கள்; உடல் பாரம் மணிக்கட்டில் இறங்கும். உயரத்தில் மில்லிமீட்டர் மட்டும் பார்க்காதீர்கள். சிபி500எக்ஸ் சீட் 830 மி.மீ. என்றாலும் முன்பக்கம் குறுகலாக இருப்பதால், அதே உயரத்தில் அகன்ற சீட் உள்ள வண்டியைவிடக் கால் எளிதாக எட்டும். ஹேண்டில்பாரை 20–30 மி.மீ. உயர்த்தும் ரைசர் முதுகுவலிக்கு உதவும், ஆனால் மாட்டியதும் இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் கேபிளோ பிரேக் ஹோஸோ விறைத்து இழுத்தால், திருப்பும்போது ஐட்லிங் கூடினால், அந்த உயரம் வேண்டாம்.

இனி பாரம். பயண வண்டிகளில் அதிகம் கவனிக்கப்படாத எண் இதுதான். மொத்த அனுமதி எடையிலிருந்து டேங்க் நிறைந்த வண்டியின் எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய பாரம் கிடைக்கும். அது 180 கிலோ என்று வைப்போம். ஓட்டுபவர் ஜாக்கெட், பூட்ஸோடு 82, பின்னால் 65, பெட்டி மாட்டும் இரும்புச் சட்டம் 7, காலிப் பெட்டிகள் 10, சாமான் 22. கூட்டினால் 186, எல்லை தாண்டியாயிற்று. அலுமினியப் பெட்டியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் மறப்பது அந்த 17 கிலோவை. துணிப் பைகள் மாட்டினால் அதில் பாதிக்கு மேல் மிச்சம். டாப் பாக்ஸில் கனத்தை வைக்கவே கூடாது. பின் அச்சுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும் ஐந்து கிலோ முன்சக்கரத்தை லேசாக்கி, 110இல் ஹேண்டிலை ஆட வைக்கும். டூல்ஸ், தண்ணீர், டியூப் எல்லாம் பக்கப் பைகளில் அடியில், முன்பக்கமாக.

பாரம் ஏற்றியதும் பின் ஸ்பிரிங்கை அளந்து பார்ப்பது பத்து நிமிட வேலை. ஒரு டேப், துணைக்கு ஒரு ஆள் போதும். பின்சக்கரம் தரையைத் தொடாமல் வண்டியைத் தூக்கி, அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே உள்ள ஒரு புள்ளிவரை அளங்கள். 600 மி.மீ. என்று வைப்போம். பிறகு முழுப் பாரத்தோடு, ஓட்டுபவர் உட்கார்ந்து, கால்கள் ஃபுட்ரெஸ்டில் இருக்க மறுபடி அளங்கள். 538 என்றால் 62 மி.மீ. அமுங்கியிருக்கிறது. சஸ்பென்ஷன் ஓட்டத்தில் (சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த தூரம்) ஏறக்குறைய 30 சதவீதம் அமுங்குவது சரி. ஹிமாலயன் 450இல் பின் ஓட்டம் 200 மி.மீ., எனவே 60 சரி. இன்டர்செப்டரில் 88 மி.மீ.தான், 26க்கு மேல் போனால் பள்ளத்துக்கு இடம் இருக்காது. அதிகம் அமுங்கினால் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு) கூட்டுங்கள். கடைசிவரை கூட்டியும் அமுங்குகிறது என்றால் ஸ்பிரிங் உங்கள் பாரத்துக்கு மென்மை, மாற்றத்தான் வேண்டும். அப்படியே ஓட்டினால் வால் தாழ்ந்து, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், திருப்பம் மந்தமாகும். யாரும் எதிர்பார்க்காத இன்னொன்று: வண்டி தாழ்ந்ததால் சைடு ஸ்டாண்டு ஒப்பீட்டில் நீளமாகி, நிறுத்தினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், லேசான சரிவில் மறுபக்கம் விழும். வாங்கும்போதே பிரீலோடை மாற்ற திருகும் குமிழ் இருக்கிறதா, ஸ்பானர் விட்டு மல்லுக்கட்ட வேண்டுமா என்று பாருங்கள். ஒரு நாள் தனியாக, மறுநாள் ஆளோடு போகிறவருக்குக் குமிழ் வரம்.

டயரில் கேள்வி டியூப் உண்டா இல்லையா என்பது. டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி, துளையை ராவி, திரியைச் செருகி, 12 வோல்ட் கம்ப்ரஸரில் காற்றேற்றிக் கிளம்பப் பத்து நிமிடம். டியூப் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அனுபவமுள்ள கைக்கே முக்கால் மணி. கம்பனி தரும் டூல்கிட்டில் அச்சு நட்டுக்கான ஸ்பானர் பல நேரம் இருக்காது, வீட்டிலேயே ஒருமுறை கழற்றிப் பழகிவிடுங்கள். ஸ்போக் வீல் என்றாலே டியூப் என்றும் இல்லை. விளிம்போரத்தில் கம்பி மாட்டிய, காற்றுக் கசியாத வகைகள் வருகின்றன, கேட்டு வாங்குங்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் திரி உதவாது. காற்றழுத்தத்தில் தனியாளுக்கு ஒன்று, பாரத்தோடு இன்னொன்று என்று இரண்டு எண் இருக்கும். குளிர்ந்த டயரில் 36 பிஎஸ்ஐ வைத்து ஒரு மணி நேரம் ஓட்டியபின் 40க்குள் இருந்தால் சரி. 43க்குப் போனால், காலையில் வைத்த காற்று அந்தப் பாரத்துக்குக் குறைவு என்று அர்த்தம்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கட்டும். பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் வசதி மண்பாதையில் உதவும், நெடுஞ்சாலையில் அதற்கு வேலையில்லை.

சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது மின்சாரக் கணக்கு. 20 வாட்ஸ் விளக்கு இரண்டு மாட்டினால் 40 வாட்ஸ், 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர்; 5 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு ரிலே, பேட்டரியிலிருந்து நேரடி வயர். ஹெட்லைட் வயரில் கிள்ளி ஒட்டினால் வயர் சூடாகி, மழை நாளில் இரண்டு விளக்கும் சேர்ந்து போகும். போன் சார்ஜர், சூடேறும் கையுறை எல்லாம் மாட்டுகிறவர்கள், வண்டி ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் எத்தனை வாட்ஸ் என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

நாள் முடிந்ததும் செயின். சூடாக இருக்கும்போதே எண்ணெய் விட்டால் இரவில் ஊறி, காலையில் சிதறாது. 500–700 கி.மீ.க்கு ஒருமுறை, அதாவது பயணத்தில் தினமும். தொய்வை மானுவலில் சொன்னபடி வைத்துவிட்டு, பாரத்தோடு மறுபடி பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை அசையும் இடம்), பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகம் இறுகும். அப்போதும் விரலால் தூக்கினால் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடாத செயின் ஒவ்வொரு பள்ளத்திலும் கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். அந்தச் செலவுக்குச் செயின் செலவு தூசு.

சர்வீஸ் இடைவெளியையும் பயணத்தோடு ஒட்டிப் பாருங்கள். ட்ரையம்ஃப் 400 வகைகளுக்கு 16,000 கி.மீ. என்று கொடுத்திருக்கிறார்கள், ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் கேட்கும் வண்டியில் நீண்ட பயணம் போனால் நடுவில் ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில்தான்.

ஓட்டிப் பார்த்துத் திருப்தியானதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். லேசாக முன்பக்கம் சரிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, உட்கார்ந்தபடியே காலால் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இன்ஜின் அணைந்த வெறும் 200 கிலோ, ஏற்றம், கால் நுனி மட்டும் தரையில். ஓட்டல் வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் நாளுக்கு நான்கு முறை செய்யப்போகும் வேலை அது. பாரம் ஏற்றாமலே முடியவில்லை என்றால், அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.