தடைக்காலத்தில் கிரைண்டர் எடுப்பவர்களுக்கு

மீன்பிடித் தடை, ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மண்டபம், பாம்பன் கரையெல்லாம் படகு மராமத்துதான். கையில் நாலு இஞ்ச் கிரைண்டர் (டிஸ்க் மாட்டித் தேய்க்கும் கை மெஷின்), காலடியில் ஈர மணல்.

வெறுங்காலோடு நின்றால், மெஷினில் கசியும் கரண்ட் உடம்பு வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். "எம்சிபி இருக்குல்ல" என்பார்கள். போர்டில் இருக்கும் அந்தத் தானியங்கி சுவிட்ச் ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டும். ஆளைக் காப்பது, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. வேலைக்கு முன் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ட்ரிப் ஆகாவிட்டால் மாற்றிவிட்டுத்தான் வேலை. எக்ஸ்டென்ஷன் வயரை முழுசாகப் பிரித்துப் போடுங்கள், சுருளாகவே கிடந்தால் சூடேறி உருகும். ஜாயின்ட் மணலில் படவே கூடாது.

அடுத்து டிஸ்க். பெரிய மெஷினில் தேய்ந்த 7 இஞ்ச் டிஸ்க்கை, கார்டை (டிஸ்க்கை மூடும் தடுப்பு) கழற்றிவிட்டுச் சின்ன மெஷினில் மாட்டுவது நம்மூர்ச் சிக்கனம். அந்த டிஸ்க் நிமிஷத்துக்குச் சுமார் 8,500 சுற்றுக்குச் செய்தது. சின்ன மெஷின் 11,000 ஓடும். வெடித்தால் துண்டு நேராக முகத்துக்குத்தான் வரும். டிஸ்க்கின் நடு வளையத்தில் மாதம், வருடம் அடித்திருக்கும். அது காலாவதித் தேதி. உப்புக்காற்றில் ஈரம் குடித்த டிஸ்க்கை தேதி இருந்தாலும் நம்பாதீர்கள். புதுசு மாட்டினால் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு, ஒதுங்கி நின்று பாருங்கள்.

ஃபைபர் படகைத் தேய்க்கும்போது கிளம்பும் தூசுக்கு முகத்தில் துண்டு கட்டினால் போதாது, என்95 மாஸ்க் வேண்டும். ரெசின், அசிட்டோன் டப்பா பக்கத்தில் இருந்தால் சுவிட்சையே தொடாதீர்கள், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.