பழைய தகரப் பொம்மை கைக்கு வந்ததும் சாவியைத் தொடாதீர்கள்

சாவி கொடுக்கும் பழைய தகரப் பொம்மையைக் கையில் எடுத்ததும் முறுக்கிப் பார்க்கத்தான் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. பல வருடம் ஓடாமல் கிடந்ததில் மசகு காய்ந்து பிசினாகியிருக்கும். நகராத பல்சக்கரங்களின் மேல் ஸ்பிரிங்கின் முழு விசையும் ஏறி நிற்கும். சட்டென்று விடுபடும்போது பல் முறியும்.

முதலில் பொம்மையைக் கவிழ்த்து அடியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று படியுங்கள். 'டி.ஆர்.ஜி.எம்.' என்றிருந்தால் அது சிறு கண்டுபிடிப்புகளுக்கு ஜெர்மனி தந்த பதிவு. அந்தப் பதிவு முறையே 1891-இல்தான் வந்தது, ஆகவே பொம்மை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. 'ஆக்குபைடு ஜப்பான்' (நேச நாடுகளின் பிடியில் இருந்த ஜப்பான்) என்றால் 1947-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. எர்ன்ஸ்ட் பால் லேமன் என்ற ஜெர்மன் பொம்மை நிறுவனம் 1881-இல் பிராண்டன்பர்க்கில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் நியூரம்பர்க்குக்கு மாறியது. லேமன் பொம்மையில் நியூரம்பர்க் என்றிருந்தால் அது போருக்குப் பிந்தையது. ஜப்பான் பொம்மைகளில் தயாரிப்பாளரை அறிய இரண்டெழுத்துக் குறி போதும்: 'டி.என்.' என்றால் நோமுரா, 'எஸ்.ஹெச்.' என்றால் ஹோரிகாவா, 'டி.எம்.' என்றால் மசுதயா.

அடுத்தது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். இந்தப் பொம்மைகளில் தகரம் தட்டையாக இருக்கும்போதே வண்ணம் அச்சாகிவிடும். வெட்டுவதும் வளைப்பதும் பிறகுதான். அதனால் மடிப்புகளில் வண்ணம் மயிரிழை போல வெடித்திருப்பது இயல்பு. மடிப்பின் மேல் வண்ணம் விரிசலே இல்லாமல் வழவழவென்று ஓடினால் பின்னாளில் யாரோ தூரிகை வைத்திருக்கலாம். எழுத்துகளின் விளிம்பையும் பாருங்கள். கறுப்பு எழுத்து ஒரே மையாக நிற்காமல் பல நிறப் புள்ளிகளாகச் சிதறினால், அது அசலைப் படமெடுத்து அச்சிட்ட நகல் என்றே சந்தேகப்படுவோம்.

துடைப்பதில்தான் நல்ல பொம்மைகள் பாழாகின்றன. ஸ்பிரிட், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் ஆகாது. தகரம் மின்னித் தெரியும் பொன்னிற வார்னிஷ் பூச்சு மிக எளிதில் கரையும். 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான சோப்புத் திரவம் ஒரு துளி. பட்ஸை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தையும் அடிப்பக்கத்தில் சோதியுங்கள். பஞ்சில் சாயம் ஏறினால் அந்த நிறத்தோடு நிறுத்துங்கள். தேய்க்காமல் பட்ஸை உருட்டி எடுக்க வேண்டும், உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். மடிப்புக்குள் தங்கிய ஈரம் உள்ளிருந்து துருவாக வெளியே வரும். துருவைச் சுரண்டாதீர்கள்: சுற்றியுள்ள வண்ணத்துக்கு அடியிலும் அது ஓடியிருக்கும், சேர்ந்தே உதிரும்.

இயந்திரத்தைக் கழற்றாமல் முடிந்தவரை பார்ப்பதே நல்லது. பாகங்களைச் சேர்ப்பவை துளையில் நுழைத்து மடித்த தகர நாக்குகள். ஒவ்வொரு முறை வளையும்போதும் அவை இறுகி, நொறுங்கும் பதத்துக்குப் போகும். இரண்டாவது தடவையிலேயே ஒடிந்த நாக்குகள் உண்டு. திறந்தே ஆக வேண்டுமென்றால் துளையிலிருந்து வழுகும் அளவுக்கு மட்டும் நிமிர்த்துங்கள். காய்ந்த மசகுக்குச் சிகரெட் லைட்டர் திரவத்தை நுண்தூரிகையில் தொட்டு, பல்சக்கரங்களில் மட்டும் விடுங்கள். அச்சிட்ட வண்ணத்தின் பக்கம் வழியக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஒரு நாள் உலர்ந்த பின் அச்சாணிகளின் முனையில் ஊசிமுனையளவு கடிகார எண்ணெய். பற்களில் எண்ணெய் வேண்டாம், தூசி சேர்ந்து பற்களை அரம் போலத் தேய்க்கும். பிறகுதான் சாவி, அதுவும் அரைச் சுற்று.

பேட்டரி பொம்மையானால் கசிவின் வகை முக்கியம். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரம், அதற்கு வினிகர் தொட்ட பட்ஸ். பழைய சிங்க்-கார்பன் கசிவு அமிலம், அதற்குச் சமையல் சோடாக் கரைசல். இரண்டையும் வண்ணத்தில் படாமல் தொடுங்கள்.

வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 40–50 சதவீதம் இருக்கட்டும். ரப்பர் பேண்டும் பிளாஸ்டிக் உறையும் வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கை முழுக்க ஓடவிட்டு, முறுக்கு இறங்கிய பிறகு அலமாரியில் வையுங்கள்.