கையெழுத்து வாங்காமல் கொடுத்த முதல் கடிதம்

மட்டக்களப்பு வாவியோரம், எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் கிரவல் மண் கொட்டுவதை நிறுத்த ஒன்பது மாதம் பிடித்தது. அதில் முதல் நான்கு மாதம் வீண். அது ஏன் வீணானது என்பதைத்தான் எழுதுகிறேன். வேறொரு கரைக்காக இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த நான்கு மாதமாவது மிஞ்சட்டும்.

இடம் பெரியதல்ல, இரண்டு வளவு அகலம்தான். கண்ணா மரங்களும் கரையோரம் ஒரு கிண்ணையும் நிற்கின்றன, இரண்டும் சேற்றில் வளரும் கண்டல் மரங்கள். மார்கழி மழைக்கு எங்கள் முற்றங்களில் தேங்கும் வெள்ளம் அந்தப் பள்ளத்தால்தான் வாவிக்கு வடியும். வீச்சுவலைக்காரர்கள் தண்ணீருக்கு இறங்குவதும் அந்த வழியால்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு முதல் டிப்பர் வந்தது. சனி, ஞாயிறு அலுவலகங்கள் பூட்டியிருக்கும் என்று கணக்குப் பார்த்தே வந்திருக்கிறார்கள். விடிந்து போய்ப் பார்த்தேன். சேற்றிலிருந்து பென்சில் முனைகள் போல நிமிர்ந்து நிற்கும் கண்ணாவின் மூச்சு வேர்கள் பாதி இடத்தில் இல்லை. அவற்றின் மேல் முழங்கால் உயரத்துக்குச் செம்மண். கண்ணாவைக் கொல்லக் கத்தி தேவையில்லை. அந்த வேர்களை மூடிவிட்டால் மரம் நின்றபடியே பட்டுப்போகும்.

மண் கொட்டுவதைத் தடுக்கக் கேட்டு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். அதற்குக் கையெழுத்துச் சேர்ப்பது இரண்டு மாலைப்பொழுதில் முடிந்தது. பாடசாலையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கடிதத்தை ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிய எழுதுவினைஞர் அதைத் தட்டில் போட்டுவிட்டு, "பார்ப்பார்கள், போங்கள்" என்றார். நானும் நம்பி வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்கப் போனபோது அப்படியொரு கடிதம் பதிவிலேயே இல்லை. ஒழுங்கை முழுவதும் போட்ட கையெழுத்து அது. எழுபது வயதுப் பெரியம்மா ஒருவர் கைநடுக்கத்தோடு எழுதிய பெயரும் அதில் இருந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அழுகையை அடக்கிக்கொண்டுதான் வந்தேன்.

எதைக் கொடுத்தாலும் உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் படியிறங்காதீர்கள். தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், நேரே தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடுங்கள்.

இரண்டாவது முறை புகைப்படங்களோடு போனேன். "இது எந்தக் கரை? கல்லடியா, நாவற்குடாவா, எப்படித் தெரியும்?" என்று திருப்பித் தந்தார்கள். கேள்வி எரிச்சலூட்டியது, ஆனால் நியாயமானது. தண்ணீரும் மண்ணும் மட்டும் தெரிகிற படத்துக்கு விலாசம் இல்லை. பிறகு ஒவ்வொரு படத்திலும் ஒழுங்கை மின்கம்பத்தின் இலக்கம் தெரியும்படி எடுத்தேன். அதைக் கொண்டுபோனால், "காணி எங்களுடைய பொறுப்பு, தண்ணீர் அவர்களுடையது" என்று வேறொரு வாசலைக் காட்டினார்கள். அந்த வாசலில், "தண்ணீர் சரி, கொட்டியது காணியில்தானே" என்றார்கள். இதற்குள் டிப்பர் இன்னும் மூன்று இரவு வந்துபோனது.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவர் இருக்கிறார், மாமா என்றுதான் கூப்பிடுவோம். "மகள், முறைப்பாடு எழுதினால் தூக்கிப் போடுவார்கள். தகவல் கேள், பதில் சொல்லியே ஆகவேண்டும்" என்றார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சொன்னார். அதிலும் முதலில் சறுக்கினேன். "மண் கொட்டுவதை ஏன் தடுக்கவில்லை?" என்று எழுதினேன். அது தகவல் அல்ல என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சட்டப்படி அவர்கள் தரவேண்டியது தங்கள் கையில் உள்ள ஆவணங்களைத்தான், விளக்கத்தை அல்ல.

அடுத்த விண்ணப்பத்தில் கேள்வியே இல்லை. அந்த இடத்தில் மண் நிரப்ப வழங்கிய அனுமதியின் பிரதி, கள ஆய்வு அறிக்கையின் பிரதி, காணியின் வரைபடம் என்று மூன்றை மட்டும் கேட்டேன். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தையும் குறிப்பிட்டேன். கரையோர வலயம் கடற்கரை மணலோடு முடிவதில்லை. கடலோடு கலக்கும் வாவிகளும் சட்டம் வகுத்த எல்லைவரை அதற்குள் வரும். பலருக்கு இது தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

விண்ணப்பத்தை வாங்கியவர், "எதற்கு இது? காரணம் எழுதித் தாருங்கள்" என்றார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன், எடுத்து மேசையில் வைத்தேன். வாசித்தார். ஒன்றும் பேசாமல் முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் எழுதித் தந்தார். அந்தச் சீட்டைத் தருவதும் சட்டப்படி அவர்கள் கடமைதான். ஆனாலும் ஒன்பது மாதத்தில் நான் தலைநிமிர்ந்து ஓர் அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தது அன்றுதான்.

விண்ணப்பத்துக்குப் பதில் தரவேண்டிய தகவல் அலுவலருக்குப் பதினான்கு வேலைநாள் அவகாசம் உண்டு. சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்து எண்ணுங்கள். அந்த நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால் அதே அலுவலகத்தில் அதற்கென இருக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யவேண்டும். அதற்கும் பதினான்கு நாள்தான், விட்டால் கை நழுவும். நான் மேன்முறையீடு செய்தேன். பதில் வந்தது. அவ்விடத்தில் மண் நிரப்ப அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்று ஒரே ஒரு வரி.

அந்த வரியின் பிரதியை இணைத்து, முன்பு என்னை அலையவைத்த எல்லா வாசலுக்கும் ஒரே நாளில் பதிவுத் தபால் போட்டேன். இரண்டு கிழமைக்குள் நாடாவோடு வந்து அளந்தார்கள். டிப்பர் அதற்குப் பிறகு வரவில்லை.

கொட்டிய மண் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதை அள்ளச் சொல்லி அடுத்த கடிதம் கொடுத்திருக்கிறேன், முத்திரையோடு. போன கிழமை விடியற்காலையில் வலைக்குப் போகிற அண்ணன் ஒருவர் கிரவலின் ஓரத்தை மண்வெட்டியால் வெட்டி, தண்ணீர்வரை ஒரு சிறு வாய்க்கால் இழுத்திருந்தார். அதன் அடியில் வேர் முனைகள் ஏழெட்டு வெளியே தெரிந்தன. இரண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சையாகத்தான் இருந்தன.