நீல மையும் பென்சிலும்: டோல்கீனின் தடத்தில் ஒரு பயணத் திட்டம்

வருகிற ஜூன் மாதத்தில் எனக்கும் தங்கைக்கும் ஒரே சமயத்தில் பன்னிரண்டு நாள் விடுப்பு அமைந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நாளையும் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீனுக்கே கொடுத்துவிடுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. எந்த நாட்டுக்குப் போவது என்பதில்தான் முதல் ஒரு மாதம் சண்டையிலேயே கழிந்தது.

அவள் திரைப்படங்களின் வழியாக ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதைக்குள் வந்தவள். ஆகவே அவளுக்கு, ஹாபிட் என்ற குள்ள மனிதர்கள் கதையில் வாழும் ஷயர் என்றால் நியூசிலாந்தின் மாட்டமாட்டா ஊருக்கு அருகே உள்ள செம்மறியாட்டுப் பண்ணைதான். 1998இல் படப்பிடிப்புக்கு இடம் தேடி வானிலிருந்து பார்த்துக்கொண்டு போனவர்களின் கண்ணில் பட்ட அந்தப் பண்ணையில், வட்டக் கதவு வைத்த ஹாபிட் வீடுகள் இன்றும் புல்மேட்டுக்குள் வரிசையாக இருக்கின்றன. நான் கல்லூரி விடுதியில் அட்டை கிழிந்த மூன்று தொகுதிகளின் வழியாக வந்தவள். டோல்கீன் தம் வாழ்நாளில் நியூசிலாந்தில் கால் வைத்ததே இல்லை என்று நான் சொன்னபோது அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் சரியான பதில் இல்லை. “அக்கா, அங்க போனா ஹாபிட் வீடாவது இருக்கு. நீ சொல்ற ஊர்ல என்ன இருக்கு? ஒரு மாவு மில்லும் ஒரு கல்லறையும்!”

அவள் சொன்னது ஏறத்தாழ உண்மைதான். ஆயினும் படக்கருவி நின்ற இடத்தைவிட, கதை முளைத்த இடத்தைப் பார்க்கவே எனக்கு ஆசை. அடுத்த பயணம் நியூசிலாந்துக்கு என்றும், அதன் திட்டம் முழுவதும் அவள் பொறுப்பு என்றும் எழுதிக் கொடுத்த பிறகே இங்கிலாந்துக்குச் சம்மதித்தாள்.

திட்டமிடத் தொடங்கியதும் ஒன்று புரிந்தது. டோல்கீன் பெயரைச் சொல்லி இங்கிலாந்தில் அழைக்காத ஊர் குறைவு. இந்தக் குன்றுதான் அந்த மலை, இந்த விடுதிதான் அந்த விடுதி என்று எல்லா ஊரும் உரிமை கோருகிறது. நாங்கள் விசாரித்த ஒரு பயண நிறுவனமோ, வேறொரு மாயக் கதையின் படப்பிடிப்பு அரங்கையும் சேர்த்து ‘மந்திர உலகம், நான்கு நாள்’ என்று ஒரு பட்டியலை அனுப்பிவைத்தது. அதன் பிறகு நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, டோல்கீன் தம் கடிதத்திலோ முன்னுரையிலோ நேர்காணலிலோ தாமே சொன்ன தொடர்புகளையும், அவர் வாழ்ந்ததாக ஐயமின்றித் தெரிந்த இடங்களையும் நீல மையிலும், ஊரார் சொல்வதைப் பென்சிலிலும் எழுதத் தொடங்கினேன். பென்சில் இடங்களுக்குப் போகக் கூடாது என்பதில்லை. நேரம் மிஞ்சினால் போகலாம்.

நீல மையில் முதலில் எழுதியது தங்கை கேலி செய்த மாவு மில். 1892 ஜனவரி 3 அன்று தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைன் நகரில் பிறந்த டோல்கீன், மூன்று வயதில் தாயுடனும் தம்பியுடனும் இங்கிலாந்துக்கு வந்தார். தென்னாப்பிரிக்காவிலேயே தங்கிவிட்ட தந்தை 1896இல் இறந்துபோக, தாய் மேபெல் அதே ஆண்டில் பிள்ளைகளோடு பர்மிங்காமுக்கு வெளியே இருந்த சேர்ஹோல் என்ற சிற்றூரில் குடியேறினார். நான்கு ஆண்டுகள்தான் அங்கே இருந்தார்கள். மகனுக்கு லத்தீனும் செடிகொடிகளின் பெயர்களும் தாய் கற்றுக்கொடுத்த காலம் அது. வீட்டுக்கு எதிரே சற்றுத் தள்ளி, தண்ணீரால் ஓடும் மாவு மில் இருந்தது. அதன் முதலாளியின் மகன் தலை முதல் கால் வரை வெள்ளை படிந்து கோபத்தோடு வெளியே வருவதைக் கண்ட அண்ணனும் தம்பியும் அவனுக்கு வெள்ளை அரக்கன் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் தெரு மாவு மில்லில் புருவம், காது மயிர் எல்லாம் வெளுத்துப்போய், பெல்ட்டின் இரைச்சலுக்கு மேலே “அரிசியா, கோதுமையா?” என்று அதட்டுகிறவரைச் சிறு வயதில் நாங்களும் அப்படித்தான் பயந்து பார்த்திருக்கிறோம். ஆகையால் இந்த ஒரு செய்தியைப் படித்துக் காட்டியதும் தங்கையின் எதிர்ப்பு பாதி குறைந்தது.

1966இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் இந்த மில்லைப் பற்றிப் பேசுகிறார். தாம் சிறுவனாக வாழ்ந்த நாட்டுப்புறம் தமக்குப் பத்து வயது ஆவதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது என்றும், குளக்கரையில் இருந்த அந்த மில் பாழடைந்து நிற்கும் படத்தை அண்மையில் ஒரு செய்தித்தாளில் கண்டதாகவும் சொல்லிவிட்டு, முதலாளியின் மகனின் தோற்றம் தமக்கு ஒருபோதும் பிடித்ததில்லை என்று போகிற போக்கில் ஒரு குத்தும் குத்துகிறார். எழுபத்து நான்கு வயதிலும் அந்தக் கோபம் ஆறவில்லை! மில்லைப் பழுதுபார்க்க நிதி திரட்டியபோது அவரும் பணம் கொடுத்தார். 1969 முதல் அது அருங்காட்சியகமாக இருக்கிறது. வாரத்தின் எல்லா நாட்களிலும் திறப்பதில்லை என்பதால், எங்கள் பர்மிங்காம் நாளை அதற்கேற்ப நகர்த்தி வைத்திருக்கிறேன். மூர் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஹால் கிரீன் வரை உள்ளூர் ரயில், அங்கிருந்து நடை.

அந்தக் குளத்தின் மேல் சாய்ந்து நின்ற வில்லோ மரம் ஒன்றையும் அவர் நேர்காணலில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதில்தான் அவர் மரமேறப் பழகினார். ஒரு நாள் யாரோ அதை வெட்டினார்கள். வெட்டிய மரத்தை எதற்கும் பயன்படுத்தவும் இல்லை, அது அப்படியே கிடந்தது. அதைத் தாம் மறக்கவே இல்லை என்றார். மரங்கள் எழுந்து நடந்து போய் ஒரு கோட்டையை உடைத்தெறியும் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மில்லிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள மோஸ்லி சதுப்புக்காடுதான் கதையில் வரும் பழங்காடு என்கிறார்கள். இது பென்சில், ஆனால் கொஞ்சம் அழுத்தி எழுதிய பென்சில். பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டன் பகுதியில், 1758இல் கட்டிய பெரட்ஸ் ஃபாலி என்ற ஒல்லியான செங்கல் கோபுரமும், அருகே நீரேற்று நிலையத்தின் கோபுரமும் நிற்கின்றன. இரண்டாம் தொகுதியின் தலைப்பில் உள்ள இரண்டு கோபுரங்கள் இவையே என்று ஊரில் பெருமையோடு சொல்கிறார்கள். சிறுவனாக அவர் அந்தப் பகுதியில் குடியிருந்தது உண்மைதான். ஆனால் தலைப்பு எந்த இரண்டு கோபுரங்களைக் குறிக்கிறது என்று பதிப்பகத்துக்கு எழுதியபோது, டோல்கீனே ஒரு நிலையில் நிற்கவில்லை. எனவே இது மெல்லிய பென்சில்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஐந்து இரவு தங்குகிறோம். பர்மிங்காமுக்கும் அங்கிருந்தே ரயிலில் போய் வந்துவிடலாம். ஒரு வழிக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம். 1911இல் எக்ஸெட்டர் கல்லூரி மாணவராகச் சேர்ந்த டோல்கீன், பின்னர் 1925 முதல் 1959 வரை பெம்புரோக், மெர்ட்டன் கல்லூரிகளில் பேராசிரியராக இருந்தார். நான் பார்க்கத் துடிப்பது கல்லூரிகளை அல்ல, 20 நார்த்மூர் ரோடு என்ற வீட்டை. 1930 முதல் 1947 வரை அவர் குடும்பம் வாழ்ந்த அந்த வீட்டில்தான் ‘தி ஹாபிட்’ எழுதி முடிக்கப்பட்டது. அடுத்த பெருங்கதையின் பெரும்பகுதியும் அங்கேதான் உருவானது. கூடுதல் வருமானத்துக்காகக் கோடையில் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவர், ஒரு மாணவர் எதுவும் எழுதாமல் விட்டிருந்த வெற்றுப் பக்கத்தைக் கண்டு, நிலத்துக்குள் இருந்த ஒரு வளையில் ஒரு ஹாபிட் வசித்ததாக அதில் ஒரு வரி எழுதினார். ஹாபிட் என்றால் என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது. அம்மா ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தப் போய்விட்டு, கண் எரிச்சலோடு வீடு திரும்பியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தப் பயணத் திட்டம் முழுவதிலும் மிக நெருக்கமான இடம் அந்தக் காலிப் பக்கம்தான். வீடு இன்று தனியாருடையது. வாசகர்கள் நிதி திரட்டி வாங்க முயன்றும் கைகூடவில்லை. தெருவில் நின்று நீல நிற நினைவுப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சென்ட் கைல்ஸ் தெருவில், டோல்கீனும் நண்பர்களும் செவ்வாய்க்கிழமைதோறும் கூடிப் பேசிய ஈகிள் அண்ட் சைல்ட் மதுக்கடை 2020இல் மூடப்பட்டது. தாவரவியல் பூங்காவில் அவர் நேசித்த கருநிறப் பைன் மரம் ஒன்று இருந்தது. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1973 ஆகஸ்டில், அவர் அதனருகே நின்று எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. 2014இல் பெரிய கிளைகள் முறிந்து விழுந்ததால் அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். மரம் இல்லாத இடத்தைப் பார்க்கப் போகிறோமா என்று தங்கை கேட்டாள். போகிறோம்.

நகரின் வடக்கே உள்ள வுல்வர்கோட் கல்லறைத் தோட்டத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டில் எங்கள் கடைசி நாள் காலையை ஒதுக்கியிருக்கிறேன். 1971இல் மறைந்த மனைவி எடித்தும் 1973இல் மறைந்த அவரும் ஒரே கல்லின் கீழ் இருக்கிறார்கள். எடித்தின் பெயருக்குக் கீழே லூத்தியன் என்றும், அவர் பெயருக்குக் கீழே பெரன் என்றும் பொறித்திருக்கிறது. மனிதன் பெரனுக்காக மரணமற்ற வாழ்வை விட்டுக்கொடுத்த எல்ஃப் இளவரசிதான் லூத்தியன். 1917இல் யார்க்‌ஷயரின் ரூஸ் என்ற ஊரில், வெள்ளைப் பூக்கள் பூத்த காட்டுச் செடிகளுக்கு நடுவே எடித் அவருக்காக ஆடிய ஆட்டத்திலிருந்து பிறந்த கதை அது. ரூஸும் நீல மைதான். ஆனால் ஒரு நாள் முழுவதும் பயணத்திலேயே போய்விடும் என்பதால் மனமில்லாமல் அடித்துவிட்டேன்.

மிச்சமுள்ள மூன்று நாள் சுவிட்சர்லாந்துக்கு. 1911 கோடையில், பத்தொன்பது வயதில், ஒரு குழுவோடு அவர் அங்கே மலைகளில் நடந்து திரிந்தார். ‘தி ஹாபிட்’ கதையில், எல்ஃப்கள் வாழும் ரிவெண்டெல் பள்ளத்தாக்கில் இருந்து பனிமலைத் தொடரைக் கடக்கும் நாயகன் பில்போவின் பயணம் தம்முடைய அந்தப் பயணத்திலிருந்து வந்தது என்று மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். பனிப்பாறையருகே வெயிலில் பனி இளகி உருண்டு வந்த பாறைகளில் ஒன்று, ஓர் அடி தூரத்தில் தம்மைத் தாண்டிப் போனதையும் விவரிக்கிறார். லாட்டர்புரூனென் பள்ளத்தாக்குதான் ரிவெண்டெல் என்பது பென்சில். அங்கிருந்து மேலேறினால் தெரியும் சில்பர்ஹார்ன் சிகரம்தான் தம் கனவில் வந்த, கதையின் கெலெப்தில் மலை என்பது அவர் வாக்கு, நீல மை.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு இங்கிலாந்து விசா தனி, சுவிட்சர்லாந்துக்கான ஷெங்கன் விசா தனி. செலவு கூடினாலும் இந்த மூன்று நாளைக் குறைக்கக் கூடாது என்று இப்போது வாதாடுகிறவள் தங்கைதான். விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய நாள்வாரித் திட்டத்தை அவளையே தட்டச்சு செய்யச் சொன்னேன். பதினோராம் நாளுக்கு நேரே, “மியூரென் ஊரில் சில்பர்ஹார்னை மேகம் விட்டு விலகும் வரை காத்திருத்தல்” என்று எழுதியிருந்தாள். “மியூரென் ஊரில் தங்கல்” என்று மாற்றி நேற்று அனுப்பிவிட்டேன்.